கத்தாழையின் தலைக்குள் ஒரு கல்

அடுத்த முறை வீட்டில் கத்தாழை மீன் வாங்கினால், தலையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குழம்பில் வெந்த தலையானால் இன்னும் நல்லது, வேலை சுலபம். கண்ணுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடிப்பக்கமாக விரலை விட்டு மெல்லப் பிரியுங்கள். மூளை இருக்கும் இடத்துக்குக் கீழே இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு வெள்ளைக் கற்கள் உட்கார்ந்திருக்கும். கழுவித் துடைத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழவென்று பளபளக்கும், மறுபக்கம் முண்டும் முடிச்சுமாக இருக்கும். எலும்பைவிட இது கெட்டி. நகத்தால் தட்டினால் டக்கென்று சத்தம் வரும்.

இதற்குக் காதுக்கல் என்று பெயர். மீனுக்கு வெளியே தெரிகிற காது கிடையாது, உள்காது உண்டு. எலும்புள்ள மீன்களின் உள்காதில் பக்கத்துக்கு மூன்றாக மொத்தம் ஆறு கற்கள் இருக்கின்றன. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் இந்தக் கற்களின் அசைவைக் கொண்டுதான் மீன் தெரிந்துகொள்கிறது. நெத்திலியின் கல்லைப் பார்க்க பூதக்கண்ணாடி வேண்டும். கத்தாழைக் குடும்பத்தில் அது வெறுங்கண்ணுக்கே தெரிகிற அளவு பெரியது. அந்தக் குடும்பம் சத்தத்தோடு வாழ்கிற குடும்பம். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து ‘உர்ர்’ என்று ஒலி எழுப்பும். கூட்டமாகச் சேர்ந்து இரையும்போது மேலே படகில் இருப்பவர்களுக்கே அது கேட்கும்.

இந்தக் கல்லில் எழுதியிருப்பது என்ன தெரியுமா? அந்த மீனின் பிறந்தநாள். கால்சியம் கார்பனேட் ஒவ்வொரு நாளும் கல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. ஒரு நாளுக்குள்ளேயே படிவது கூடிக் குறைவதால், நாளுக்கு ஒரு வளையம் விழுகிறது. கல்லை மிக மெல்லிசாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், குஞ்சு மீனின் வயதை நாள் கணக்கில் எண்ணிவிடலாம். 1971-இல் பனெல்லா என்ற ஆய்வாளர் இதை எழுதியபோது மீன் ஆய்வாளர்கள் பலருக்கும் அது ஆச்சரியம்தான். அதுவரை ஆண்டு வளையங்களைத்தான் அவர்கள் எண்ணிவந்தார்கள்.

கல் இன்னொன்றையும் சொல்லும். கடல் நீரில் ஸ்ட்ரோன்ஷியம் என்ற தனிமம் அதிகம், ஆற்று நீரில் குறைவு. மீன் எந்தத் தண்ணீரில் இருந்ததோ அந்த அளவு ஸ்ட்ரோன்ஷியம் அன்றைய வளையத்தில் சேர்ந்துவிடும். கல்லின் நடுவிலிருந்து ஓரம் வரை அதை அளந்துகொண்டே வந்தால், இந்த மீன் கடலில் பிறந்தது, பிறகு கழிமுகத்துக்குள் வந்தது, சில காலம் இருந்துவிட்டுத் திரும்பக் கடலுக்குப் போனது என்று பயணக் கதை முழுவதும் கிடைக்கும். செத்துப்போன மீன், தான் வாழ்ந்த இடங்களை நமக்குச் சொல்கிறது. எனக்கு இதைவிட அழகான அறிவியல் அதிகம் தெரியாது.

நம் கடலில் கல்லைக் கொண்டு வயதை எண்ணுவதற்கு ஒரு சிக்கல் உண்டு. குளிர்நாட்டுக் கடலில் குளிர்காலத்தில் மீன் வளர்வது மிகவும் மெதுவாகிவிடும், அதனால் ஆண்டு வளையம் பளிச்சென்று தெரியும். வங்கக் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் நம் மீன்களில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை. அதனால் நம் ஆய்வாளர்கள் அளவுகோலை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் சென்னையில்தான் தொடங்கியது. பிறகு மண்டபத்துக்குப் போய், இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. சென்னையிலும் அதற்கு ஒரு மையம் உண்டு. அதன் ஆட்கள் காசிமேடு போன்ற இறங்குதளங்களில் நின்று, ஏலம் போவதற்கு முன் மீன்களை நீளம் அளந்து குறித்துக்கொள்வார்கள். ஒரு மாதம் 8 செ.மீ. நீளத்தில் கானாங்கத்தை நிறைய வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் அந்தக் குவியல் 10 செ.மீ.க்கு நகர்ந்திருந்தால், அதே பிள்ளைகள்தான் வளர்ந்து வந்திருக்கின்றன என்று பொருள். ஆயிரக்கணக்கான மீன்களை ஆண்டு முழுவதும் இப்படி அளந்தால், ஒரு மீன் எத்தனை மாதத்தில் எவ்வளவு வளரும் என்பது தெரிந்துவிடும்.

சரி, மீனின் வயதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம்? ஒரு மீன் ஒரு தடவையாவது முட்டையிட்ட பிறகு வலையில் விழுந்தால், அதன் இடத்தை நிரப்பக் கடலில் குஞ்சுகள் இருக்கும். அதற்கு முன்பே விழுந்தால் இருக்காது. மீன்பிடிப்பைப் பற்றி மனிதர்கள் போட்டிருக்கும் சட்டங்களில் பல இந்த ஒன்றைச் சுற்றித்தான் வருகின்றன. ஆனால் ‘முட்டையிடும் வயது’ என்பது எல்லா மீனுக்கும் ஒன்றல்ல.

நெத்திலியின் வாழ்நாளே ஏறக்குறைய ஓராண்டுதான். அதற்குள் வளர்ந்து, முட்டையிட்டு, முடித்துவிடும். கானாங்கத்தையும் ஓராண்டை ஒட்டிய வயதில் முட்டையிடத் தொடங்கிவிடும். அதன் முட்டைகள் தண்ணீரில் மிதந்து போகிறவை. தாயும் தகப்பனும் திரும்பிப் பார்ப்பதில்லை, எண்ணிக்கைதான் பாதுகாப்பு. வஞ்சிரத்துக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆக வேண்டும், முக்கால் மீட்டர் நீளத்தை நெருங்க வேண்டும். நம் தாம்பரம், குரோம்பேட்டை கடைகளில் முழங்கை நீளத்துக்கு வஞ்சிரம் வைத்திருந்தால், அது இன்னும் முட்டையிடாத குட்டி என்று நீங்களே சொல்லிவிடலாம்.

சுறாவின் கணக்கு முற்றிலும் வேறு. சுறாவுக்குத் தலைக்குள் இந்த மாதிரிக் கல் இல்லை, முதுகெலும்பின் வட்டுகளில்தான் வளையங்களை எண்ணுகிறார்கள். புட்டு செய்ய வாங்குகிறோமே, அந்தப் பால் சுறா குட்டி போடுகிற இனம். ஏறக்குறைய ஓராண்டு வயிற்றில் சுமந்து, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகள் போடும். இலட்சக்கணக்கில் முட்டையிடுகிற மீனைப் பிடிப்பதற்கும் ஐந்து குட்டி போடுகிற மீனைப் பிடிப்பதற்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? கடலில் சுறா குறைந்தால் மீண்டு வர மிக நீண்ட காலம் ஆகும்.

கடல் கெளுத்தியின் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதில் பிள்ளைகளைச் சுமப்பது அப்பா. பெண் மீன் கோலிக்குண்டு போன்ற பெரிய முட்டைகளைக் கொஞ்சமாக இடும். ஆண் அவற்றைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். முட்டை பொரிந்து, குஞ்சு தானாக நீந்தும் வரை பல வாரங்கள் வாயை முட்டைக்கே கொடுத்துவிட்டு, இரை எடுக்காமல் திரியும். அந்த நேரத்தில் ஆண் கெளுத்திகள் பெரிய கூட்டங்களாகச் சேர்கின்றன. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கர்நாடக, கேரளக் கரைகளில் சுருக்குமடி வலைகள் இந்தக் கூட்டங்களை வளைத்துப் பிடித்தன. வலைக்குள் துடித்த அப்பாக்களின் வாயிலிருந்து முட்டைகள் டன் கணக்கில் கொட்டின. அதை அப்போதே எழுதிவைத்த ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கரையில் கெளுத்தி கிடைப்பது சரிந்துபோனது. எவ்வளவு மீன் பிடித்தோம் என்பது மட்டுமல்ல, எந்த நேரத்தில் பிடித்தோம் என்பதும் ஒரு கடலைக் காலி செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. தமிழ்நாட்டுக் கடலில் சுருக்குமடிக்கு 2000-இலிருந்து தடை இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2023-இல் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும், நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது.

இனி கொடுவா. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டும்போது வலப்பக்கம் பரந்து கிடக்கும் காயலைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதியில்தான் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. 1997-இல் இந்தியாவிலேயே முதல்முறையாகக் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிடவைத்துக் குஞ்சு பொரித்தவர்கள் இந்த நிறுவனத்தார். அது அத்தனை பெரிய செய்தி ஆனதற்குக் காரணம், கொடுவாவின் வாழ்க்கை அவ்வளவு விசித்திரமானது. கழிமுகத்துக்கு வெளியே உப்புத் தண்ணீரில் பிறக்கும். குஞ்சாகக் காயலுக்குள் வந்து, நன்னீர் வரை ஏறிப்போய், சில ஆண்டுகள் வளரும். முதலில் ஆணாக முதிர்ந்து, முட்டையிடும் காலத்தில் கடல் பக்கம் திரும்பி வரும். பிறகு, ஏறக்குறைய ஆறு ஏழு வயதில், பெரும்பாலானவை பெண்ணாக மாறிவிடும்! நேற்று வரை அப்பாவாக இருந்த மீன், இனிமேல் அம்மா.

இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பெரிய கொடுவா எல்லாமே அநேகமாகப் பெண். ‘சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் பிடி’ என்ற விதி கானாங்கத்தைக்குச் சரி. கொடுவாவில் அதை மட்டும் பின்பற்றினால் கடைசியில் அம்மாவே மிஞ்சாது. ஒரு பெரிய பெண் கொடுவா பத்து லட்சத்துக்கும் மேல் முட்டையிடக்கூடியது. அப்படி ஒன்றைத் தப்பவிடுவது எத்தனை மீனுக்குச் சமம்!

கொடுவா, மடவை, வெள்ளை இறால் ஆகிய மூன்றுக்கும் ஒரு பொதுவான தேவை உண்டு. கடலுக்கும் காயலுக்கும் நடுவில் கதவு திறந்திருக்க வேண்டும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் அலையோடு காயலுக்குள் வந்து, சில மாதம் மேய்ந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். காயலில் ஆழம் குறைவு, இரை அதிகம், பெரிய மீன்களின் தொல்லையும் குறைவு. குட்டிகள் வளர அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தக் கதவைத் திறப்பது யார் என்று கேட்டால், அதில் தாம்பரத்துக்கும் பங்கு இருக்கிறது.

தாம்பரத்தில் நாம் கடலிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம், நமக்கும் மீனுக்கும் கடைக்காரர் வழியாக மட்டும்தான் உறவு என்று நினைக்காதீர்கள். தாம்பரத்தில் பெய்கிற மழை இரண்டு வழியாகக் கடலுக்குப் போகிறது. மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து நீர் அடையாற்றில் சேர்ந்து, அனகாபுத்தூர் வழியாகப் பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் கழிமுகத்தை அடைகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரை மூழ்கடித்தது இந்த வழிதான். கிழக்கே சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கோவளம், கடல். வேளச்சேரி போகும் பேருந்தில் இந்தச் சதுப்பு நிலத்தைத் தாண்டித்தான் போகிறீர்கள். 2022-இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

கோடையில் அலை மணலைத் தள்ளித் தள்ளி அடையாறு, கோவளம் முகத்துவாரங்களில் மணல்மேடு கட்டிவிடும். உள்ளே இருக்கும் மடவை வெளியே போக முடியாது, வெளியே இருக்கும் இறால் குஞ்சு உள்ளே வர முடியாது. ஐப்பசி மழையில் வெள்ளம் வந்து மோதினால்தான் மேடு உடையும். நம் கடலில் மடவை முட்டையிடப் போவதும் ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான். மழையும் மீனும் நாள் குறித்துக்கொண்டு வருவது போல இருக்கிறது. ஏரியைத் தூர்த்து வீடு கட்டினால், கால்வாயில் சாக்கடையைத் திருப்பிவிட்டால், கழிமுகத்துக்குப் போய்ச் சேருவது மீன் குஞ்சு மூச்சுவிட முடியாத கறுப்புத் தண்ணீர். அப்படிச் செய்கிறவர்கள் தங்கள் தட்டிலிருக்கும் இறாலை நினைத்துப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இப்போது சட்டங்களுக்கு வருவோம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது அதன் விதி. இருக்கிற விதிகளில் இதுதான் தலையானது என்பேன். கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில்தான் குட்டிகள் அதிகம். நீலாங்கரை, கானத்தூர், கோவளம் குப்பங்களின் ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் தொழில் செய்வதும் பெரும்பாலும் அந்தக் கடலில்தான். இழுவலை அந்த எல்லைக்குள் வந்தால், தரையை வழித்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளும். விரல் நீளக் குட்டிகள் தீவனத்துக்கு அரைக்கப் போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியது நினைவிருக்கிறதா? ஆமை காற்றைச் சுவாசிக்கும் உயிர். இழுவலைக்குள் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாகும். கரைக்கு அருகில் இழுவலை ஓடினால் என்ன ஆகும் என்பதை அந்த மாதம் கடலே கரையில் கொண்டுவந்து போட்டுக் காட்டியது.

வலைக்கண்ணுக்கும் அளவு உண்டு. இழுவலையின் கடைசிப் பையில் கண்ணி 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதிலும் ஒரு நுணுக்கம்: சாய்சதுரக் கண்ணி, வலையை இழுக்கும்போது நீண்டு மூடிக்கொள்ளும், குட்டி தப்ப முடியாது. சதுரக் கண்ணி இழுத்தாலும் திறந்தே இருக்கும். கேரளம் இன்னொரு வழியைப் பிடித்தது. 2015-இல் 14 இனங்களுக்கும், பிறகு மொத்தம் 58 இனங்களுக்கும், இதற்குக் குறைந்த நீளத்தில் பிடிக்கக் கூடாது என்று அளவு வைத்தது. மத்திக்கு 10 செ.மீ., கானாங்கத்தைக்கு 14 செ.மீ.

சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே மீனவர்களிடம் தங்கள் முறைகள் இருந்தன. பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் இன்று யார் வலை கட்டுவது, நாளை யார் கட்டுவது என்று ஊர் கூடி முறைவைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்காது, எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கி ஏரியைத் துடைத்தெடுப்பதும் நடக்காது.

தடைக்காலம் உங்களுக்கே தெரியும். ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, கடையில் மீன் விலை ஏறும், வீட்டில் பேச்சு வரும். தமிழ்நாட்டில் இது 2001-இல் 45 நாளாகத் தொடங்கி, 2017-இலிருந்து 61 நாளாக ஆனது. மேற்குக் கரையில் இது ஜூன், ஜூலை மாதங்களில் வருகிறது. அத்தனை இழுவலைகளும் இரண்டு மாதம் ஓய்ந்து நிற்பது கடல் தரைக்கும் குட்டிகளுக்கும் பெரிய விடுமுறை. அந்த நாட்களில் தொழிலில்லாமல் இருக்கும் குடும்பங்களுக்கு அரசு நிவாரணமும் தருகிறது.

ஆனால் இந்த 61 நாள் எல்லா மீனுக்கும் பொருந்துகிறதா? மடவை முட்டையிடுவது மழைக்காலத்தில் என்று இப்போதுதான் பார்த்தோம். வெப்பமான கடலில் பல இனங்கள் ஆண்டில் பல மாதங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையிடுகின்றன. தேதியை மாற்ற வேண்டும் என்று சொல்லும் மீனவர்களும் இருக்கிறார்கள், இதே தேதிதான் சரி என்பவர்களும் இருக்கிறார்கள். இதற்கு விடை மீனின் வயிற்றில் இருக்கிறது. அதை நீங்களே பார்க்கலாம்.

வீட்டில் மீன் வாங்கும்போது கூடப் போங்கள். வெட்டுகிற அண்ணனிடமோ அக்காவிடமோ, “வயித்துல இருக்கறத தனியா ஒரு கவர்ல குடுங்கக்கா” என்று கேளுங்கள். வெட்டுவதற்கு முன் வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். வயிற்றில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மணிமணியாக இரண்டு பைகள் இருந்தால் சினை, அது பெண். வெள்ளையாக வழவழவென்று இருந்தால் ஆண். நூல் போல மெல்லிசாக இருந்தால் இன்னும் முதிராத குட்டி, அல்லது முட்டையிட்டு முடித்து ஓய்வில் இருக்கும் மீன். நீளத்தைப் பார்த்தால் எது என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். தேதி, மீனின் பெயர், எந்த ஊர் மீன், நீளம், சினை உண்டா இல்லையா என்ற ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காசிமேடா கோவளமா என்று கடைக்காரரே சொல்வார். தடைக்காலத்திலும் விடாதீர்கள், ஃபைபர் படகு மீன் வந்துகொண்டுதான் இருக்கும். ஓராண்டு எழுதிய பிறகு, சினை மீன்கள் எந்த மாதப் பக்கங்களில் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். கத்தாழைக்கு ஒரு மாதமும் கிழங்கானுக்கு வேறொரு மாதமும் வந்தால், அந்த நோட்டை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அறிவியல் கண்காட்சிக்கு அதைவிட நல்ல திட்டம் கிடைக்காது.